சரபோஜி மன்னரின் அறிவியல் கருவிகள்

தஞ்சாவூர் மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி (1777–1832) சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தவராகவே பெரிதும் அறியப்படுகிறார். அவர் நூல்களோடு அறிவியல் கருவிகளையும் சேர்த்தார். இளமையில் ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்சிடம் கல்வி கற்றவர் அவர். 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சென்றபின், கல்வியிலும் மருத்துவத்திலும் கலைகளிலும் கருத்தூன்றினார்.

அவரிடம் வெற்றிடப் பம்பு, மின்பொறி, வானியல் கருவிகள் ஆகியவை இருந்தன. கண்ணாடிச் சாடியிலுள்ள காற்றைப் பம்பினால் வெளியேற்றினால், உள்ளே ஒலிக்கும் மணியின் ஓசை தேய்ந்து மறையும். ஒலி பரவ ஓர் ஊடகம் தேவை என்பதைக் காதாலேயே அறியலாம். மின்பொறியைச் சுழற்றினால் உராய்வினால் மின்னூட்டம் சேர்ந்து தீப்பொறி பறக்கும்.

உடற்கூற்றியல் கற்க யானைத் தந்தத்தால் செய்த எலும்புக்கூடும் இருந்தது. இறந்தவர் எலும்பைத் தொடுவது தீட்டு எனக் கருதப்பட்ட காலம் அது. தந்தத்தில் செய்த எலும்பையோ தயங்காமல் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

எனினும் இவை அரண்மனைச் சேகரிப்பில் இருந்தவை. காவிரிப் படுகையின் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் எட்டியவை அல்ல. இன்று மணிஜாடிச் சோதனை பள்ளிப் பாடத்திலேயே உள்ளது. அன்று மன்னருக்குக் கிடைத்த அந்த வாய்ப்பு, பள்ளி ஆய்வகத்தின் அலமாரி திறந்திருந்தால் இன்று ஒவ்வொரு மாணவருக்கும் கிடைக்கும்.