எண்ணூர் எண்ணெய்க் கசிவு: நிவாரணம் வேற, இழப்பீடு வேற... சட்டம் சொல்வது என்ன?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் நேரம். வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. படகு, வலை, அலையாத்தி மரம் என எல்லாவற்றிலும் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. மணலி சிபிசிஎல் ஆலை வளாகத்தில் மழைநீரைச் சரியாகக் கையாளாததை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுட்டிக்காட்டியது.

2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய் என தமிழ்நாடு அரசு நிவாரணம் அறிவித்தது. அதோடு கணக்கு முடிஞ்சுதா? இல்லை என்கிறது சட்டம்.

என்ன வித்தியாசம்?

நிவாரணம் என்பது அவசரத்துக்கு அரசு கொடுப்பது. இழப்பீடு என்பது என்னென்ன போச்சு என்று கணக்குப் பார்த்து, மாசுபடுத்தியவரிடம் கேட்பது. அரசு நிவாரணத்துக்குச் செலவழித்த பணத்தையே மாசுபடுத்தியவரிடம் கேட்க, 2010-ம் ஆண்டு தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தில் இடம் உண்டு.

இந்த யோசனை யாருடையது?

ஆலையின் லாபக் கணக்கில் ஊருக்கு வரும் பாதிப்பு சேருவதில்லை. அதை வரியாக வசூலிக்கலாம் என்று 1920-லேயே எழுதியவர் பிரிட்டன் பொருளாதார அறிஞர் ஆர்தர் பிகு. இந்தியாவில் இதற்குச் சட்ட பலம் கொடுத்தது ஒரு தமிழ்நாட்டு வழக்கு. தோல் பதனிடும் ஆலைக் கழிவால் பாலாறு பாழானதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 'மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும்' என்பது நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது.

'எங்க தப்பு இல்லை, புயல்தான் காரணம்' என்றால்?

1984 போபால் விஷவாயு துயரம் நடந்த மறுவருடமே டெல்லியில் ஓர் ஆலையில் ஓலியம் வாயு கசிந்தது. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில், ஆபத்தான தொழில் நடத்துபவர் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது, முழுப் பொறுப்பும் அவருக்கே என்று 1986-ல் நீதிபதி பி.என்.பகவதி தலைமையிலான அமர்வு சொன்னது. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 17-வது பிரிவும், விபத்து இழப்பீட்டில் தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை என்கிறது.

யார் கேட்கலாம்?

காயம்பட்டவர், படகு-வலையை இழந்தவர், இறந்தவரின் வாரிசு, பாதிக்கப்பட்டோர் சார்பில் சங்கம் என யாரும் மனு போடலாம். உடல்நலப் பாதிப்பு, மருத்துவச் செலவு, கூலி இழப்பு மட்டுமில்லை. வியாபார நஷ்டமும் பட்டியலில் இருக்கிறது. 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, மீன் வாங்கவே மக்கள் பயந்தார்கள். காசிமேட்டில் விற்காமல் போகும் மீனும் நஷ்டம்தான்.

எவ்வளவு காலம் இருக்கு?

பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகள். தகுந்த காரணம் இருந்தால் கூடுதலாக 60 நாட்கள். அப்படிப் பார்த்தால் 2023 டிசம்பர் கசிவுக்கு 2028 டிசம்பர் வரை. தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. படகுப் பதிவு, வலை வாங்கிய ரசீது, ஆஸ்பத்திரி சீட்டு, தேதியோடு எடுத்த போட்டோ... இதையெல்லாம் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது நல்லது.