வெள்ளிக்கோலும் அதை ஏந்துவோரும்: சோப்தார் பணியின் வரலாறு

உயர்நீதிமன்ற நீதிபதி தமது அறையிலிருந்து அமர்வுக்குச் செல்லும்போது, அவருக்குச் சில அடிகள் முன்பாக ஒருவர் நடந்து செல்வார். தலைப்பாகை, சீருடை, தோளின் குறுக்கே ஒரு பட்டை, கையில் வெள்ளிக்கோல். அவர் வாய் திறக்காமலேயே தாழ்வாரத்தில் நிற்போர் வழிவிடுவர். பணிப்பதிவேட்டில் அவரது பதவியின் பெயர் சோப்தார்.

பாரசீக மொழியில் 'சோப்' என்பது கழியையும், 'தார்' என்பது அதை வைத்திருப்பவரையும் குறிக்கும். கோலேந்தி என்பதே நேர்ப்பொருள். தமிழகத்தில் நன்கு அறிமுகமான டவாலி, டபேதார் ஆகிய பெயர்களின் கதை வேறு. டவாலி என்பது உண்மையில் தோளில் அணியும் பட்டை; நாளடைவில் அணிந்தவருக்கும் அதுவே பெயராயிற்று. டபேதார் குதிரைப்படையில் வழங்கிய ஒரு பதவி. மூன்று சொற்களும் இன்று ஏறக்குறைய ஒரே வகைப் பணியாளரையே சுட்டுகின்றன.

முகலாயர் அவையில் இப்பணி வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் தங்கியிருந்த பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பெர்னியே, 'குர்ஸ்பர்தார்' எனப்பட்ட தண்டமேந்திகளைப் பற்றி எழுதியுள்ளார். உயரமும் தோற்றப் பொலிவும் உடையவர்களே இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவையில் ஒழுங்கு காப்பதும், பேரரசரின் ஆணைகளை விரைந்து கொண்டுசென்று நிறைவேற்றுவதும் அவர்களது கடமை. தண்டத்தைக் கண்டதும் எதிரில் இருப்பவர் பேரரசரின் குரலைக் கேட்டதாகவே கொள்ள வேண்டும். ஏந்தியவருக்கெனத் தனி அதிகாரம் ஏதும் இல்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் இவ்வழக்கத்தை அப்படியே சுவீகரித்துக்கொண்டனர். சோப்தார் நீண்ட கோலையும், 'சோண்டாபர்தார்' என்பவர் மேல்முனை வளைந்த குறுந்தடியையும் ஏந்தினர். எத்தகைய பணியாளர் முன்னே செல்கிறார் என்பதிலிருந்தே பின்னால் வருபவரின் தகுதியை ஊரார் கணித்தனர். 1862-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் உயர்நீதிமன்றங்கள் நிறுவப்பட்ட பின்னரும் நீதிபதிகளுக்கு முன்னால் கோல் சென்றது. விடுதலைக்குப் பிறகும் அது நிற்கவில்லை.

அரசவைக்கும் நீதிமன்றத்துக்கும் வெளியே இச்சொல் முற்றிலும் வேறான ஒரு வாழ்வு வாழ்கிறது. மகாராஷ்டிரத்தின் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் செல்லும் ஞானேஸ்வரர் பல்லக்கு யாத்திரையிலும் சோப்தார்கள் உள்ளனர். மாலையில் தங்குமிடத்தில் பஜனைக் குழுக்கள் வட்டமாகக் கூடி நிற்க, சோப்தார் தமது கோலை உயர்த்துவார். தாளங்கள் அனைத்தும் ஓய்ந்துவிடும். குறையுள்ள குழு மட்டும் தாளத்தை நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருக்கும். சோப்தார் அங்கே சென்று முறையீட்டைக் கேட்டுத் தீர்த்துவைத்த பிறகே ஆரத்தி தொடங்கும். கோலின் முன் அடங்க மறுப்பதையே முறையீட்டு உரிமையாக ஆக்கிய இவ்வழக்கத்துக்கு இணையான ஒன்றைக் காண்பது அரிது.

நீதிமன்றங்களில் இம்மரபு குறித்த கேள்வி தமிழகத்திலேயே வலுவாக எழுந்தது. 2006 முதல் 2013 வரை சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த கே. சந்துரு, தமக்கு முன்னால் கோலேந்திச் செல்லும் டவாலி வேண்டாம் என்று மறுத்துவிட்டார். இது காலனிய எச்சம் என்பது ஒரு தரப்பு. கோல் தனிநபருக்கானதன்று, நீதிமன்றத்தின் மாண்புக்கானது என்பது மறுதரப்பு. இவ்விவாதத்தில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது கோலை ஏந்துபவரின் நிலை. கோலை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடலாம். அதை நம்பி அரசுப் பணியில் சேர்ந்தவரை அவ்வாறு அனுப்ப இயலாது.

சட்டமன்றங்களில் கோலின் மதிப்பு வேறு விதமாக வெளிப்படுகிறது. 2016 டிசம்பரில் திரிபுரா சட்டப்பேரவையில், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் பேரவைத் தலைவரின் வெள்ளித் தண்டத்தை எடுத்துக்கொண்டு ஓட, பணியாளர்கள் அவரைத் துரத்தினர். நாட்டு மக்கள் பலர் அப்படியொரு தண்டம் இருப்பதையே அன்றுதான் அறிந்திருப்பர்.

ஏந்துவோரின் உடையும் சர்ச்சையானதுண்டு. 2019 நவம்பரில் மாநிலங்களவையின் 250-ஆவது கூட்டத்தொடர் தொடங்கியபோது, அவைத் தலைவரின் இருபுறமும் நிற்கும் மார்ஷல்கள் தலைப்பாகையை விடுத்து, இராணுவப் பாணி உடையிலும் தொப்பியிலும் தோன்றினர். முன்னாள் படை அதிகாரிகள் எதிர்ப்புத் தெரிவித்ததையடுத்து அவ்வுடை மறுபரிசீலனைக்கு உட்படுத்தப்பட்டு மாற்றப்பட்டது.

புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் 2023 மே 28 அன்று, திருவாவடுதுறை ஆதீனத்துடன் தொடர்புடைய செங்கோல் மக்களவைத் தலைவரின் இருக்கை அருகே நிறுவப்பட்டது. 2024 ஜனவரியில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு உரையாற்ற வந்தபோது அது அவருக்கு முன்பாக ஏந்திச் செல்லப்பட்டது. செங்கோல் பற்றி ஏராளமாக எழுதப்பட்டது. ஏந்தியவரைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே.

சோப்தார் பணிக்கு இன்றும் ஆள்சேர்ப்பு நடைபெறுகிறது. 2021-இல் சென்னை உயர்நீதிமன்றம் அலுவலக உதவியாளர், காவலர் உள்ளிட்ட பணியிடங்களுக்கு வெளியிட்ட அறிவிப்பில் சோப்தார் இடங்கள் 40. கேட்கப்பட்ட கல்வித் தகுதி எட்டாம் வகுப்புத் தேர்ச்சி. ஆண்களுக்கே உரியதாக நெடுங்காலம் இருந்த இப்பணியில், அண்மைக் காலத்தில் அந்நீதிமன்றத்தில் பெண்ணும் அமர்த்தப்பட்டுள்ளார்.