முழுக்க ஒரிஜினலோ ஐயா?

போன வருடம் நல்லூர்த் திருவிழா நாள்களில், ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த ஒருவர் சுன்னாகத்தில் இருக்கிற என் கடைக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மேசையில் ஒரு பயனியர் எஸ்எக்ஸ்-780 ஸ்டீரியோ றிசீவர் டயல் வெளிச்சத்தோடு பாடிக்கொண்டிருந்தது. அலுமினிய முகம், மரநிறப் பெட்டி, பாட்டுக்கு ஏற்ப எழும்பி விழும் மீற்றர் ஊசிகள். வொலியூம் குமிழைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட கையை எடுக்கவில்லை. வாங்கப் போகிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"முழுக்க ஒரிஜினலோ ஐயா?"

"இல்லைத் தம்பி."

மாற்றிய சாமான்களை எழுதி வைத்திருந்த அப்பியாசக் கொப்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஒரு பக்கமும் அடுத்த பக்கத்தில் பாதியும். விற்கிறவன் இப்படிச் செய்யக்கூடாது என்று என் மகன் சொல்வான். ஆனால் நான் 1974இல், பதினேழு வயதில், யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில் ஈயம் வைக்கப் பழகியவன். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு உறுப்பும் மாற்றாத பழைய செற் இந்தக் குடாநாட்டில் என் கைக்கு வந்ததில்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் ஊருக்கு முதலில் பெரிய றேடியோக்கள் வந்தது கடல் கடந்த உத்தியோகத்தால். மலாயாவில் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்து, பென்ஷனோடு திரும்பியவர்களின் கல்வீடுகளில் கிராமபோனும் வால்வு றேடியோவும் இருக்கும். பிலிப்ஸ், பை, மர்பி, கிறண்டிக். போட்டால் வால்வு சூடேற அரை நிமிடம் பிடிக்கும். அதுவரை வீட்டுக்காரர் யாரையும் பேச விடமாட்டார். மற்றவர்களுக்கு வாசிகசாலை றேடியோதான். பின்னேரம் ஆறு மணிக்கு வாங்கில் இடம் பிடிக்காவிட்டால் நின்றுதான் கேட்க வேண்டும். 1939இல் தொடங்கிய திருச்சி நிலையம் எங்களுக்குக் கொழும்பைவிடத் தெளிவாக விழும். நடுவில் கடல்தானே, மலையில்லை. நாதஸ்வரக் கச்சேரி திருச்சி, சினிமாப் பாட்டு இலங்கை வானொலி. 1950இல் வர்த்தக சேவை தொடங்கி, பிறகு அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரல் வந்தபின் தமிழ்நாட்டிலேயே இலங்கையைத் திருப்பிவைத்துக் கேட்டார்கள். வீட்டில் றேடியோ வைத்திருக்க லைசன்ஸ் எடுக்க வேண்டிய காலம் அது. எங்கள் அப்பா இரண்டு வருடம் எடுக்கவில்லை. வாசலில் அந்நியர் சத்தம் கேட்டால் அம்மா றேடியோவின் மேல் சேலையைப் போட்டுவிடுவா. ஏரியல் கம்பி மட்டும் முற்றத்துப் பனையில் எல்லோருக்கும் தெரியக் கட்டியிருந்தது.

1970க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு. வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராததால் எங்கள் தோட்டக்காரர் கையில் என்றும் இல்லாத காசு புரண்டது. ஆனால் அந்தக் காசுக்கு வாங்கக் கடையில் சாமான் இல்லை. நான் தொழில் பழகியது அந்தக் காலத்தில்தான். புதுக் கொண்டென்சர் கிடையாது. செத்த செற்றிலிருந்து கழற்றி உயிருள்ளதில் போடுவோம். யுத்தம் கற்றுத் தந்த பாடம் என்று இப்போது சொல்கிறார்கள். எங்கள் மேசைக்கு அது அதற்கு முன்பே வந்துவிட்டது.

1977இல் ஆட்சி மாறிக் கதவு திறந்தது. கொழும்பு புறக்கோட்டையில் பெட்டி பெட்டியாக யப்பான் சாமான். அதைவிட நல்லவை கப்பலுக்குப் போன பெடியள் சிங்கப்பூரில் வாங்கி வந்தவை. அடுத்து சவூதி, குவைத் என்று போனவர்கள். அப்போதுதான் யாழ்ப்பாணத்து ஹோல்களுக்கு ஸ்டீரியோ றிசீவர் வந்தது. றிசீவர் என்றால் ரியூனரும் அம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டிக்குள். ரேப் டெக், றெக்கோட் பிளேயர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் அதன் முதுகில் கொழுவலாம். பயனியர், சான்சுயி, மராண்ட்ஸ், கென்வூட் எல்லோரும் அப்போது வாற்றில் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். 1974இல் அமெரிக்க அரசாங்கம், அம்ப்ளிஃபயரின் வாற்றை இன்ன முறையில் அளந்துதான் விளம்பரம் செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தது. அதனால் அந்தக் காலத்து இலக்கங்களை நம்பலாம். 1978இல் வந்த எஸ்எக்ஸ்-780 பக்கத்துக்கு 45 வாற் என்றால் அது 45 வாற்தான். இப்போது சந்தையில் ஆயிரம் வாற் பிஎம்பிஓ என்று ஸ்ரிக்கர் ஒட்டி ஒரு பிளாஸ்ரிக் பெட்டி விற்கிறார்களே, அதைத் தூக்கிப் பாருங்கள். பயனியர் ஏறக்குறைய 13 கிலோ.

இவ்வளவு இருந்தும் அந்தச் செற் யாழ்ப்பாணத்தில் அரை ஊமை. முகத்தில் பாதியை எஃப்எம் டயல்தான் பிடித்திருக்கும். அந்த டயலில் ஊசியை ஒரு தலையிலிருந்து மறுதலைக்கு ஓட்டினாலும் எங்களுக்கு இரைச்சல்தான். இந்தியாவின் முதல் எஃப்எம் ஒலிபரப்பு 1977இல் சென்னையில் தொடங்கியிருந்தது. ஆனால் அந்த அலை எங்கள் கூரைவரை வராது. அதனால் வாங்கியவர்கள் கசற் போட்டார்கள். ஸ்டீரியோ என்றால் என்ன என்று காட்ட, இளையராஜா ஸ்டீரியோவில் ஒலிப்பதிவு செய்த 'ப்ரியா' படத்துப் பாட்டைப் போடுவது வழக்கம். வந்தவரை நடுக் கதிரையில் இருத்தி, "இந்தக் காதுக்கு இது, அந்தக் காதுக்கு அது" என்று வீட்டுக்காரர் விளக்குவார். முடிந்ததும் பூவேலை செய்த துணியால் மூடிவிடுவார்கள். பல வீடுகளில் அந்தச் செற் வருடத்தில் பத்து நாள் பாடியிருந்தால் அதிகம். அனுப்பிய மகனின் படம் பெரும்பாலும் அதற்கு மேலேதான் மாட்டியிருக்கும்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தப் பெரிய பெட்டியில் சிற்றலை இல்லை. எங்களுக்கு வேண்டியதெல்லாம் அப்போது சிற்றலையில்தான் இருந்தது. இரவு ஒன்பதேகாலுக்கு லண்டன் பிபிசி தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ். எங்கே ஷெல் விழுந்தது, எந்தப் பாதை பூட்டு, பேச்சுவார்த்தை நடக்குமா என்பதை உள்ளங்கை அளவு ட்ரான்சிஸ்ரர்தான் சொன்னது. அந்த ஒன்பதேகாலுக்கு ஒழுங்கையில் நடந்து போனால் ஒவ்வொரு வேலிக்கு உள்ளேயிருந்தும் ஒரே குரல் வரும். ஒரு வசனத்தையும் தவறவிடாமல் வீடு போய்ச் சேரலாம்.

1990 ஆனியில் மறுபடி சண்டை தொடங்கியது. யாழ்தேவி ரயில் நின்றது, லக்சபானாவிலிருந்து வந்த கரண்ட் நின்றது. அதே வருடம் புலிகளின் குரல் எஃப்எம்மில் தொடங்கியது. பத்து வருடம் இரைந்துகொண்டிருந்த டயலில் ஒரு நிலையம் வந்தபோது அதைப் போட்டுக் கேட்க மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், சீமெந்து, உரம் என்று நீண்ட அரசாங்கத்தின் தடைப்பட்டியலில் பற்றறியும் இருந்தது. குண்டுக்குப் பயன்படும் என்றார்கள். ஒரு சோடி பற்றறிக்காக அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். செத்த பற்றறியை வெயிலில் காயவைப்போம், அடியில் துளைபோட்டு உப்புத்தண்ணீர் விடுவோம். இரண்டு நாள் முனகும், பிறகு அதுவும் போய்விடும்.

கடைசியில் கைகொடுத்தது சைக்கிள் டைனமோ. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். செய்தி சொல்கிறவரின் குரல் சுற்றுகிற கையோடு சேர்ந்து ஏறும், இறங்கும். சுற்றுகிற பெடியன் களைத்தால் லண்டனும் களைத்துவிடும். ஆனால் டைனமோ வயரை நேரே றேடியோவில் கொழுவ முடியாது. அதில் வருவது மாறுமின்னோட்டம். டயோட் போட்டு நேர்மின்னாக்கி, ஒரு கொண்டென்சரால் அதைச் சமப்படுத்த வேண்டும். இன்னொரு பொல்லாப்பும் உண்டு. ஆறு வோல்ற் என்று எழுதியிருந்தாலும், லைற் பல்பைக் கழற்றிவிட்டு வேகமாகச் சுற்றினால் அது இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிடும். அப்படி எரிந்த செற்றுகள் முதல் மாதத்தில் மட்டும் என்னிடம் ஏழு வந்தன. "பல்பை எரியவிட்டுக்கொண்டே கேளுங்கோ" என்று அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்பினேன்.

டயோட்டுக்கு எங்கே போவது? ஹோலில் பூத்துணிக்குள் மூடிக் கிடந்த பெரிய செற்றுகளுக்குள்தான் அவை இருந்தன. பவர் சப்ளையில் குண்டு குண்டான டயோட்டுகள், பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பை உயரத்துக்குக் கொண்டென்சர்கள். வீட்டுக்காரர்களே கொண்டுவந்து தந்தார்கள். "கரண்ட் வந்தாப் போடலாம் தானே, இப்ப கழற்று" என்றார்கள். 1990க்கும் 1995க்கும் இடையில் நான் திருத்திய செற்றைவிடக் கழற்றிய செற் கூட. ஒரு பெரிய றிசீவரிலிருந்து நாலு டைனமோ வீடுகளுக்குச் செய்தி போனது. அதைக் கொலை என்று இன்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

1995 ஐப்பசி 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, வலிகாமமே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது 13 கிலோ பெட்டியை யார் தூக்கினார்? என் பையில் சோல்டறிங் அயனும் ஒரு ட்ரான்சிஸ்ரரும் இருந்தன. சோல்டறிங் அயனுக்குக் கரண்ட் இல்லை என்பது நாவற்குழிப் பாலம் தாண்டியபின்தான் மண்டையில் உறைத்தது. ஆறு மாதம் கழித்துத் திரும்பிவந்தபோது சில வீடுகளில் கூரையில்லை, சில வீடுகளில் செற் இல்லை, சில வீடுகளில் இரண்டும் இல்லை.

ரொறன்ரோக்காரர் தொட்டுக்கொண்டிருந்த செற் கோண்டாவிலில் ஒரு பரணில் கிடந்தது. 1979இல் சிங்கப்பூரில் வாங்கியதாம். வீட்டை விற்றபோது பழைய இரும்போடு சேர்த்துத் தந்துவிட்டார்கள். மூடியைக் கழற்றினேன். ட்ரான்ஸ்போமரின் மேல் ஒரு பல்லியின் எலும்புக்கூடு, மூலையில் கறையான் மண், உப்புக்காற்றில் பச்சை பூத்த சுவிச்சுக் கால்கள். பவர் சப்ளையில் நாலு டயோட்டும் இல்லை.

அந்த இடத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பிடுங்கி எடுக்கவில்லை. கட்டரால் ஒரே அளவாக வெட்டி, பலகையில் மூன்று மில்லிமீற்றர் கால் மிச்சம் விட்டிருந்தது. செம்புத் தடம் உரியக்கூடாது, திரும்ப ஈயம் வைக்க இடம் வேண்டும் என்று தெரிந்தவன் செய்த வேலை. நானும் அப்படித்தான் வெட்டுவேன். அப்போது யாழ்ப்பாணத்தில் அப்படி வெட்டியவர்கள் பத்துப் பேராவது இருந்தோம். என் கைதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

புது டயோட் நாலையும் அந்த மிச்சக் கால்களிலேயே வைத்தேன். வற்றிப்போன கொண்டென்சர்களை எல்லாம் மாற்றினேன். டயல் பல்புகளுக்கு எல்ஈடி போட்டால் லேசு, ஆனால் அந்த மஞ்சள் வெளிச்சம் வராது. பழையபடி இழை பல்புதான் தேடிப் போட்டேன். மோசம் போனது ஒரு இடத்தில். இந்தச் செற்றில் ஒலியைப் பெருக்க, பக்கத்துக்கு ஒன்றாக எஸ்ரிகே-0050 என்ற பவர் பாக் இருக்கும். ஒரு பக்கம் எரிந்திருந்தது. கொழும்பில் ஒரு கடை "ஜினியூன்" என்று தந்ததைப் போட்டேன். பத்தாவது நிமிடம் புகை. உடைத்துப் பார்த்தால் உள்ளே சில்லுகள் இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. இரண்டாவதாக, இதே மொடலில் செத்த செற் ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டேன். 1975இல் செய்த அதே வேலை.

இவ்வளவும் அந்தத் தம்பிக்குக் கொப்பியைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். டயோட் கதைக்கு வந்தபோது, "ஒரிஜினல் டயோட்டுகள் இப்ப எங்கை இருக்கும் ஐயா?" என்று கேட்டார்.

"ஆற்றையேன் சைக்கிளிலை, தம்பி."

அவர் சிரிக்கவில்லை. சின்ன வயதில் உரும்பிராயில் பெடல் சுற்றியது தான்தான் என்றார். அப்பா செய்தி கேட்டு முடியும்வரை நிறுத்த விடமாட்டாராம்.

150,000 ரூபா கேட்டேன், 140,000 தந்தார். முதுகிலிருக்கிற வோல்ற்றேஜ் சுவிச்சைக் கனடாவுக்கு ஏற்ப 120க்குத் திருப்பி, அதன்மேல் ரேப் ஒட்டி, பேனையால் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். கொப்பியின் அந்த ஒன்றரைப் பக்கத்தையும் கிழித்துத் தரச்சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். ஆசையில் நேரே பிளக்கைச் செருகாதீர்கள். 60 வாற் இழை பல்பு ஒன்றை லைன் வயரில் தொடராகக் கட்டிப் போட்டுப் பாருங்கள், எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒருமுறை மின்னிப் பிறகு மங்கினால் செற்றில் உயிர் இருக்கிறது. மங்காமல் எரிந்தால் உடனே பிளக்கைக் கழற்றிவிட்டு, கறையான் மண்ணைக்கூடத் தட்டாமல் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.