தீர்வு கோரும் உரிமை (இந்தியா)

தீர்வு கோரும் உரிமை என்பது, அடிப்படை உரிமை மீறப்பட்டவர் நேரடியாக உச்ச நீதிமன்றத்தை நாட இந்திய அரசமைப்பின் 32ஆம் பிரிவு வழங்கும் உரிமை. இதுவே மூன்றாம் பகுதியில் உள்ள ஓர் அடிப்படை உரிமையாகும். அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் 1948 டிசம்பரில் இதனை அரசமைப்பின் உயிராகவும் இதயமாகவும் குறிப்பிட்டார். ஆட்கொணர்வு, கட்டளையுறுத்தும், தடையுறுத்தும், ஆவணக் கேட்பு, தகுதிமுறை வினவும் நீதிப்பேராணைகள் இதன் கருவிகள். உயர் நீதிமன்றங்களுக்கு 226ஆம் பிரிவு இதனினும் விரிந்த அதிகாரம் தருகிறது.

‘கிராஸ் ரோட்ஸ்’ இதழுக்குச் சென்னை மாநில அரசு விதித்த தடையை எதிர்த்த ரொமேஷ் தாப்பர் வழக்கில் (1950), முதலில் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்ற வாதம் நிராகரிக்கப்பட்டு, தடை நீக்கப்பட்டது. இவ்வுரிமையின் பெருஞ்சரிவு நெருக்கடி நிலைக் காலத்தில் நேர்ந்தது. காவலில் வைக்கப்பட்டோர் ஆட்கொணர்வு கோர இயலாது என 1976இல் ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நால்வர் தீர்ப்பளித்தனர், நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டும் மாறுபட்டார். 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்தின்படி, 20, 21ஆம் பிரிவுகளின் உரிமைகளை நிலைநாட்டக் கோருவதை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க இயலாது. ஜபல்பூர் தீர்ப்பு 2017இல் புட்டசாமி வழக்கில் வெளிப்படையாக நிராகரிக்கப்பட்டது.