லினக்ஸில் கடவுச்சொல்லும் ஆள் எண்ணும்

2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. அவற்றில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அம்பாசமுத்திரம் போன்ற ஊர்களில் பல பிள்ளைகளுக்கு லினக்ஸ் அறிமுகமானது அப்படித்தான்.

லினக்ஸை மறுபடி நிறுவும்போது சில சமயம் ஒரு வேடிக்கை நடக்கும். அதே பெயர், அதே கடவுச்சொல். ஆனால் திரை ஒரு நொடி கறுத்துவிட்டு மீண்டும் உள்நுழைவுப் பக்கத்துக்கே வந்து நிற்கும்! தனிப் பகிர்வில் பத்திரமாக வைத்த ப்ராஜெக்ட் கோப்புகள் அப்படியே இருக்கும், திறக்கத்தான் முடியாது.

இதன் வேர் ரொம்பப் பழசு. 1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கோர்பட்டோ குழுவினர் ஒரே கணினியைப் பலர் பகிர வழி செய்தார்கள். யார் கோப்பு யாருக்கு என்று பிரிக்கக் கடவுச்சொல் வந்தது. 1966-ல் அங்கே இரண்டு தற்காலிகக் கோப்புகள் இடம் மாறி, உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் வரவேற்புச் செய்திக்குப் பதில் அத்தனை பேரின் கடவுச்சொல்லும் அச்சாகி வந்தது. (கடவுச்சொல்லின் மானம் அன்றே போய்விட்டது!)

1970களில் யுனிக்ஸ் கடவுச்சொல்லை உருமாற்றி 'பாஸ்வேர்டு' கோப்பில் வைத்தது. அந்தக் கோப்பை யாரும் படிக்கலாம். படித்தே ஆகவேண்டும், ஏனென்றால் கோப்புகளின் மேல் உரிமையாளர் பெயர் கிடையாது, ஓர் எண்தான் இருக்கும். எண் யாருடையது என்று சொல்வது இந்தக் கோப்பு. அதனால்தான் 1980களின் பிற்பகுதியில் கடவுச்சொல் மட்டும் 'ஷேடோ' என்ற மறைவுக் கோப்புக்குக் குடிபெயர்ந்தது.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு வயல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் வயலுக்கு நேரே பட்டா எண் மட்டும் இருக்கிறது. எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியலைப் புதிதாக எழுதி, பழைய ஆளுக்கு வேறு எண் கொடுத்துவிட்டால்? வயல் அங்கேயே இருக்கும், அவருடையது என்று காட்ட முடியாது.

ரெட் ஹாட் குடும்பத்தில் இதுவே நடந்தது. முதல் பயனருக்கு 500 என்று தொடங்கிய எண், 2011-ல் ஃபெடோரா 16-ல் 1000 ஆனது. டெபியன், உபுண்டு ஏற்கெனவே 1000-தான். பழைய வீட்டு அடைவோடு புதிய பதிப்பை நிறுவினால், வரைகலைத் திரை தன் சிறு கோப்புகளை அங்கே எழுத முடியாமல் திரும்பிவிடும்.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை அழுத்தி எழுத்துத் திரையில் நுழைந்து, நிர்வாகி உரிமையோடு 'சௌன்' கட்டளையால் அடைவு முழுவதையும் புதிய எண்ணுக்கு மாற்றினால் போதும். வீட்டு அடைவைப் பூட்டுக்குறியிட்டு வைத்தவர்களுக்கு மட்டும் இது உதவாது. அவர்களுக்குப் பழைய ரகசியத் தொடர் வேண்டும்.