செவிலி மாதம்: பாரிஸ் நகரத்துப் பால்கடன்களின் வரலாறு

பிறர் பிள்ளையைத் தம் வீட்டில் வைத்து வளர்த்துக் கூலி பெறும் தொழிலின் வரலாற்றைப் பெரும்பாலும் மருத்துவர்களும் ஒழுக்கப் போதகர்களுமே எழுதியதால், அதில் குற்றம் சுமத்தப்படுபவள் எப்போதும் வளர்ப்பவளாகவே இருக்கிறாள். பிள்ளையை ஒப்படைத்த குடும்பம் பேசிய கூலியைக் கொடுத்ததா, பிள்ளைக்கு இருந்த நோயை மறைக்காமல் சொன்னதா, திரும்ப வந்து அழைத்துச் சென்றதா என்ற கேள்விகளை அவர்கள் அரிதாகவே எழுப்பினர். அக்கேள்விகளுக்கு விடை தேடுவோர்க்குப் பாரிஸ் நகரத்தைப் போல் உதவும் இடம் வேறில்லை. பெற்றோருக்கும் செவிலிக்கும் இடையிலான பணத் தகராறில் அந்நகரத்தின் காவல் துறையே 18ஆம் நூற்றாண்டில் வசூல்காரராக இயங்கியது.

பிரெஞ்சு மொழியில் 'நூரிஸ்' எனப்படுபவள், கூலிக்குப் பால் கொடுத்துப் பிள்ளை வளர்ப்பவள். தமிழில் அவளைச் செவிலி எனலாம் என்றாலும், சங்க அகப்பாடல்களின் செவிலி தலைவியின் இல்லத்திலேயே வாழ்ந்து அக்குடும்பத்தில் ஒருத்தியாகிவிட்டவள். பாரிஸ் செவிலியோ பெரும்பாலும் நார்மண்டி, பிக்கார்டி, பர்கண்டி போன்ற பகுதிகளின் சிற்றூர்களில் வாழ்ந்த உழவர் வீட்டுப் பெண். பிள்ளைதான் அவள் வீட்டுக்குப் பயணம் செய்தது. பெற்றோர் அவளுக்கு மாதந்தோறும் கொடுக்க வேண்டிய தொகைக்குச் 'செவிலி மாதம்' என்று பொருள்படும் 'முவா த நூரிஸ்' என்ற பெயர் வழங்கியது. அது நாளடைவில் சட்டச் சொல்லாகவும் ஆயிற்று.

இத்தொழிலை முறைப்படுத்தும் முயற்சி 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே, இரண்டாம் ழான் மன்னனின் ஆணையில் தென்படுகிறது. வேலைக்காரிகளையும் செவிலியரையும் குடும்பங்களுக்குப் பரிந்துரைத்து அமர்த்திவிடும் பெண் தரகர்கள் அக்காலத்திலேயே பாரிஸில் இருந்தனர் என்பதும், 'ரெகொமாந்தரெஸ்', அதாவது பரிந்துரைக்காரி என்று அவர்கள் அழைக்கப்பட்டனர் என்பதும், அவர்களுடைய தரகுக்கும் செவிலியின் ஆண்டுக் கூலிக்கும் மன்னன் உச்சவரம்பு விதித்தான் என்பதும் அவ்வாணையால் தெரிகின்றன. கூலி இதற்கு மேல் போகக்கூடாது என்று வரம்பிட நினைத்த அரசு, பேசிய கூலி கைக்கு வந்து சேர வேண்டும் என்று நினைக்க மேலும் மூன்றரை நூற்றாண்டுகள் ஆயின.

அந்த மாற்றம் பதினான்காம் லூயியின் இறுதி ஆண்டான 1715இல், சனவரி 29ஆம் நாள் வெளியான அரச அறிவிப்பில் வந்தது. நான்கு பரிந்துரைக்காரிகளின் அலுவலகங்கள் நகரக் காவல் தலைவரின் அதிகாரத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. செவிலியாக வர விரும்பும் பெண் தன் ஊர்ப் பங்குத் தந்தையிடம் நடத்தைச் சான்று பெற்றுவர வேண்டியதாயிற்று. ஒரே நேரத்தில் இரு பிள்ளைகளை ஏற்பவளுக்குக் கசையடியும் அவள் கணவனுக்கு 50 லீவ்ர் தண்டமும் விதிக்கப்பட்டன. (லீவ்ர் என்பது அக்காலப் பிரெஞ்சு நாணயக் கணக்கு.) இவ்வளவும் செவிலியைக் கட்டுப்படுத்தும் விதிகள். பெற்றோர் பணம் அனுப்பவில்லை என்ற காரணத்துக்காகக்கூட, எழுத்து மூலம் அவர்களுக்கு அறிவித்து மறுமொழி பெறாமல் பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அதே அறிவிப்பு அவளைத் தடுத்தது. பிள்ளையைக் கைவிட முடியாத நிலையில் அவளை நிறுத்திய அரசு, அதற்கு ஈடாகவே மறுபக்கத்தில் ஓர் ஆயுதத்தைக் கொடுத்தது: கூலி பாக்கி வைத்த பெற்றோருக்கு எதிரான தீர்ப்பை நிறைவேற்ற, தேவையானால் அவர்களைச் சிறையில் அடைக்கவும் காவல் தலைவர் ஆணையிடலாம் என்பதே அது.

பெற்றோரும் செவிலியும் ஒருவரை ஒருவர் காண்பது அரிது; செவிலியருள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இடையில் ஓடியவன் 'மெனேர்' எனப்பட்ட வழித்தரகன். அவன் தன் வட்டாரத்துச் செவிலியரை வண்டியில் ஏற்றிப் பாரிஸுக்குக் கொண்டுவந்து, பிள்ளைகளோடு திரும்ப அழைத்துச் சென்று, பின்னர் மாதந்தோறும் நகருக்கு வந்து வீடு வீடாகக் கூலி வசூலித்து, பிள்ளையைப் பற்றிய செய்தியைப் பெற்றோருக்கும் பெற்றோர் கொடுத்த துணிமணிகளைச் செவிலிக்கும் சேர்ப்பித்தான். பணமும் செய்தியும் ஒரே ஆளின் கைவழியாகச் சென்றதால், அவன் நேர்மையானவனாக இல்லாத இடத்தில், பணம் கொடுத்த பெற்றோர் கொடாதவராகவும் நலமாக இருந்த பிள்ளை நோயுற்றதாகவும் ஆகிவிட முடிந்தது. பணம் கொடாத குடும்பம், பொறுப்பற்ற செவிலி என்று இரு தரப்பும் ஒன்றையொன்று ஏசிய வழக்குகளில் ஒரு பகுதி இந்த இடைவெளியில் விளைந்தவை என்று கருத இடமுண்டு.

ஆயினும் பெரும்பகுதியின் காரணம் வறுமைதான். பிள்ளையை வெளியூருக்கு அனுப்பியோர் பிரபுக்களும் செல்வரும் மட்டுமே என்று எண்ணுவது தவறு. அவர்கள் செவிலியைத் தம் மாளிகைக்கே வரவழைக்க முடிந்தவர்கள். தொலைதூரச் செவிலியரின் வாடிக்கையாளர்களில் மிகுதியானோர், மனைவியின் உழைப்பும் சேர்ந்தால்தான் பிழைக்க முடியும் என்ற நிலையில் இருந்த கைவினைஞரும் சிறு கடைக்காரரும் ஆவர். ரொட்டி விலை ஏறும் மாதத்தில் அவர்கள் முதலில் நிறுத்தி வைக்கக்கூடிய செலவு, கண்ணுக்கு எட்டாத ஊரில் இருக்கும் ஒருத்தியின் கூலியாக இருந்தது. காவல் தலைவர் லெனுவார், ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் வேண்டுகோளுக்காக 1780இல் வெளியிட்ட அறிக்கையில், ஆண்டுக்குப் பாரிஸில் பிறக்கும் ஏறத்தாழ 21,000 பிள்ளைகளில் தாயிடமே பால் குடிப்பவை 1,000 என்றும், மேலும் 1,000 பிள்ளைகள் வீட்டிலேயே செவிலியிடம் வளர்கின்றன என்றும், எஞ்சியவை நகரின் சுற்றுப்புறத்துக்கோ தொலைவிலுள்ள ஊர்களுக்கோ செல்கின்றன என்றும் குறித்தார். இந்த முழு எண்களைத் துல்லியக் கணக்காகக் கொள்வதற்கில்லை. ஆனால் வழக்கத்தின் பரப்பை அவை காட்டுகின்றன.

1769 சூலையில் பழைய நான்கு அலுவலகங்களும் ஒழிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் காவல் தலைவரின் மேற்பார்வையில் ஒரே செவிலியர் பணியகம் நிறுவப்பட்டது. அதன் அடிப்படைக் கொள்கை எளியது: பெற்றோர் கொடுத்தாலும் கொடாவிட்டாலும் செவிலிக்கு உரிய கூலியைப் பணியகம் தானே முன்பணமாகக் கொடுத்துவிடும்; பிறகு பெற்றோரிடம் வசூலிப்பது பணியகத்தின் பாடு. கூலி கிடைக்காத வீட்டில் முதலில் குறைவது பிள்ளையின் உணவுதான் என்பதை உணர்ந்து எடுக்கப்பட்ட இம்முடிவு, அந்நூற்றாண்டின் நிருவாகச் செயல்களில் மிகுந்த அறிவுடையவற்றுள் ஒன்று எனத் தகும். ஆனால் வசூலுக்கு அது கையாண்ட வழி அத்துணை அறிவுடையதன்று. எச்சரிக்கைக்கும் பணியாத தந்தையர் கைது செய்யப்பட்டனர். 1780களில் திறக்கப்பட்ட லா ஃபோர்ஸ் சிறையில் அவர்களுக்கென்றே தனிப்பகுதி ஒதுக்கப்பட்டு, அது பாலின் பெயராலேயே அழைக்கப்பட்டது. சிறையிலிருக்கும் தச்சனோ செருப்புத் தைப்பவனோ சம்பாதிக்க முடியாது. சம்பாதிக்காதவன் கடனைத் தீர்க்க முடியாது. ஆகவே தருமக் கொடையாளிகள் அக்கடன்களை அடைத்துத் தந்தையரை மீட்பது நகரத்தின் புகழ்பெற்ற அறச் செயலாயிற்று.

1792 ஆகஸ்ட் 25ஆம் நாள், முடியாட்சி கவிழ்ந்து இரண்டு வாரங்களே ஆன நிலையில், சட்டப் பேரவை செவிலி மாதக் கடனுக்காகச் சிறையில் அடைக்கும் முறையை ஒழித்தது. கடன் ஒழியவில்லை. நெப்போலியன் ஆட்சியில், 1806ஆம் ஆண்டுச் சட்டம், பணியகத்துக்கு வரவேண்டிய பாக்கியை நேர்முக வரியைப் போலவே வசூலிக்க வழிசெய்தது. 19ஆம் நூற்றாண்டில் தனியார் தரகு அலுவலகங்கள் பெருகி வசதியுள்ள குடும்பங்களை ஈர்த்துக்கொள்ள, கூலிக்கு உறுதி கொடுத்த அரசுப் பணியகத்திடம் வந்தவர்கள் பெரும்பாலும் கொடுக்க முடியாதவர்களே. அப்பணியகம் 1876இல் மூடப்பட்டது. தனியாரிடம் போன செவிலிக்கோ எந்த உறுதியும் இல்லை. மாதக் கூலிக்கு மேல் சர்க்கரையும் சோப்பும் பெற்றோர் தரவேண்டும் என்பது பரவலான வழக்கமாக இருந்தது. கூலியே வராதபோது சர்க்கரையையும் சோப்பையும் அவள் யாரிடம் கேட்பாள்?

இவை அனைத்தினும் கொடியது நோய் மறைப்பு. பெற்றோரிடமிருந்து மேகநோய் பெற்றுப் பிறந்த பிள்ளை, பால் குடிக்கும் வாயால் அதைச் செவிலிக்குக் கொடுத்தது. அவள் வழியாகக் கணவனுக்கும் அவளுடைய சொந்தப் பிள்ளைகளுக்கும் அது பரவியது. அத்தகைய பிள்ளைகளுக்கென்றே 1780இல் பாரிஸை அடுத்த வொழிரார் என்னும் ஊரில் மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டு, அதே நோயுள்ள பெண்கள் அங்கே பாலூட்ட அமர்த்தப்பட்டனர். 19ஆம் நூற்றாண்டில் இவ்வாறு நோயுற்ற செவிலியர் பெற்றோர்மீது இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தனர். குடும்பத்தின் மறைவைக் காப்பதா, செவிலியை எச்சரிப்பதா என்ற இக்கட்டில் மருத்துவர்கள் பெரும்பாலும் தமக்குக் கட்டணம் தரும் குடும்பத்தின் பக்கமே நின்றனர். அபாயத்தை அறிந்தும் செவிலிக்குச் சொல்லாத மருத்துவர் அதற்குப் பொறுப்பாவார் என்று 1868இல் திழோன் நகர மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது.

அதே காலத்தில், பெர்ஷ் வட்டாரத்து மருத்துவர் புரோஷார் 1866இல் வெளியிட்ட நூலும், மோர்வான் மலைப்பகுதி மருத்துவர் மோனோவின் ஆய்வும், செவிலியரிடம் அனுப்பப்பட்ட பிள்ளைகளின் மரண வீதத்தை நாட்டின் கவலையாக்கின. அதன் பயனாக, மருத்துவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான தெயோஃபில் ரூசெல் கொண்டுவந்த சட்டம் 1874 திசம்பர் 23ஆம் நாள் நிறைவேறியது. கூலிக்காகப் பெற்றோர் வீட்டுக்கு வெளியே வைக்கப்படும் இரண்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளையும் அரசின் கண்காணிப்பில் வந்தது. தன் கடைசிப் பிள்ளைக்கு ஏழு மாதம் நிறைந்ததென்றோ, நிறையாவிடில் அதற்கு வேறொருத்தி பாலூட்டுகிறாள் என்றோ சான்று காட்டாமல் ஒரு பெண் செவிலியாக அமரக்கூடாது என்ற விதி, ஊரார் பிள்ளைக்கு ஊட்டப் போனவளின் சொந்தப் பிள்ளையையும் சட்டத்தின் கண்ணுக்குக் கொண்டுவந்தது.

அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கடனாளியின் சொத்திலிருந்து எந்தக் கடனை முதலில் தீர்க்க வேண்டும் என்று வரிசைப்படுத்தும் குடிமைச் சட்டத் தொகுப்பின் 2101ஆம் பிரிவில், இறுதி நோய்க்கான மருத்துவச் செலவுக்கு அடுத்தும் வேலைக்காரர் சம்பளத்துக்கு முன்பும் செவிலி மாதத்துக்கு அது இடம் கொடுத்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1977 மே 17ஆம் நாள் சட்டம், தம் வீட்டில் பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு 'அசிஸ்தாந்த் மத்தெர்னெல்' என்ற தொழிற்பெயரையும், அனுமதி பெற்ற பணியாளர் என்ற தகுதிநிலையையும் வழங்கியது. பிரான்சின் பெற்றோர் பேச்சுவழக்கில் அவர்களை இன்றும் 'நூனூ' என்றே அழைக்கின்றனர். அது நூரிஸ் என்ற பழைய சொல்லின் மழலை வடிவம்.