மாயா மக்களின் முதற் கலயம்

மனிதன் பயிர் செய்யக் கற்றான். விளைந்ததைச் சமைக்கவும் சேமிக்கவும் பாத்திரம் வேண்டியதாயிற்று. ஆகவே மட்பாண்டம் தோன்றிற்று. பள்ளிச் சரித்திர நூல்களில் நாம் கற்ற ஒழுங்கு இதுவே. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆயினும் மத்திய அமெரிக்காவில் வாழ்ந்த பண்டை மாயா மக்களின் வரலாற்றை நோக்கப் புகின், இவ்வொழுங்கு அங்கே நிலைகுலைந்து போவதைக் காண்கிறோம்.

இன்றைய குவாத்தமாலா, பெலீஸ், தென் மெக்சிக்கோ, மேற்கு ஹொண்டூராஸ் ஆகிய பகுதிகளிற் பரந்து கிடந்தது மாயர் நாடு. வானளாவிய கோயில்களும் நுட்பமான காலக் கணிதமும் அவர்களுக்குப் புகழ் தேடித் தந்தன. நாம் இங்கே பேச எடுத்துக்கொண்ட காலமோ அவற்றுக்கு மிக முற்பட்டது. அம்மக்களுடைய உயிர்த் தானியம் சோளம். தென் பெலீஸின் பாறை ஒதுக்குகளிற் புதைக்கப்பட்டோரின் எலும்புகளைச் சோதித்து 2020 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று, ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு சோளம் பிரதான உணவாகிவிட்டதெனக் காட்டிற்று. அத் தாழ்நிலங்களில் மட்பாண்டம் தலைகாட்டுவதோ கி. மு. 1000 ஐ ஒட்டியே. இடையிற் கிடப்பது ஓராயிரம் ஆண்டு! அத்தனை காலமும் சட்டி பானை இன்றியே உண்டு வாழ்ந்தனர். அதில் வியப்பில்லை. சோளத்தைச் சுட்டுத் தின்னலாம். இலையிற் பொதிந்து தணலில் இடலாம். சுரைக் குடுக்கையில் நீர் மொள்ளலாம். நன்கு காய்ந்த கற்களைக் குடுக்கை நீரில் இட்டால் அந்நீரும் கொதிக்கும்.

இக் காலக் கணிப்பு எளிதிற் கிட்டியதன்று. 1975 ஆம் ஆண்டில் நோர்மன் ஹம்மண்ட் என்னும் ஆங்கில அறிஞர், வட பெலீஸில் உள்ள குவேயோ என்ற இடத்தில் அகழத் தொடங்கினார். பிற்காலக் கட்டிடங்களின் கீழே, அடிமண்ணில், பழைய மட்பாண்ட ஓடுகள் கிடைத்தன. அவற்றைச் சார்ந்த காலப்பகுதிக்குச் 'சுவாசி' எனப் பெயரிட்டனர். உடன் கிடைத்த கரித்துண்டுகளைக் காபன் 14 முறையினாற் சோதித்தபோது, கி. மு. 2000 ஐயும் கடந்து பின்செல்லும் விடைகள் வந்தன. மாயர் வரலாறு ஒரே பாய்ச்சலில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் முதுமை பெற்றது! ஆயினும் ஐயுற்றவரும் இருந்தனர். ஓடுகளின் வடிவமும் மெருகும் ஏனைய ஊர்களில் மிகப் பிற்காலத்தனவாகக் கண்டவற்றை ஒத்திருந்தமையே அவர்களுடைய ஐயத்துக்குக் காரணம். மீண்டும் அகழ்ந்தனர், புதைகுழிகளில் இருந்த மனித எலும்புகளையே நேராகச் சோதித்தனர். ஈற்றில் 1990 ஆம் ஆண்டில், அன்ட்ரூஸ் என்னும் மற்றோர் அறிஞருடன் சேர்ந்து, சுவாசிக் காலம் கி. மு. 1200 அளவிலேயே தொடங்கியதென ஹம்மண்டே எழுதினார். உலகறியச் சொன்ன பழமையை ஒருவர் தம் கையாலேயே குறைத்து எழுதுவது சிறு காரியமன்று. பழமை என்றதும் பூரித்துப் போகும் எம்மவர் இதனைச் சற்று நினைத்துப் பார்த்தல் நன்று.

குவேயோவை ஒத்த வேறு இடங்களும் உள. மேற்குப் பெலீஸிற் கஹால் பெச். குவாத்தமாலாவிலே பாசியோன் நதிக்கரையில் உள்ள செய்பால். இங்கெல்லாம் கிடைத்த முதல் ஓடுகள், கற்றுக்குட்டியின் கைவேலைகள் அல்ல. நிறக் குழம்பு பூசி மெருகேற்றிய தட்டங்களும் கிண்ணங்களும் அவற்றுட் காணப்படுகின்றன. கஹால் பெச்சிற் கிடைத்த சிலவற்றில் மின்னற் கோடு, சிலுவை போன்ற குறி முதலியன கீறப்பட்டுள்ளன. இக்குறிகள் அக்காலத்தில் அயலார் பலருக்கும் பொதுவாய் இருந்தவை. ஆகவே மாயர் இக்கலையைத் தாமே புதிதாய்க் கண்டுபிடித்தனர் என்பதிலும், முன்னரே அறிந்திருந்த அயலாரிடம் பெற்றனர் என்பதே பொருத்தம் எனத் தோன்றுகிறது. எந்த அயலார் என்பதில் அறிஞரிடை வழக்கு இன்னும் தீரவில்லை.

அவ்வயலாருள் மிகப் பழையோரைக் காணப் பசிபிக் கரைக்குச் செல்லவேண்டும். மெக்சிக்கோவின் தென்கோடியில், கி. மு. 1900 அளவில், 'பார்ரா' எனப்படும் பாண்டங்கள் தோன்றின. அவற்றை வனைந்தோர் மாயரல்லர், வேற்று மொழியினர் என்றே பலர் கருதுவர். கழுத்தில்லாத உருண்டை வடிவம், மெல்லிய சுவர், பளபளக்கும் மெருகு, உடம்பிலே வரிவரியாய்ப் பள்ளங்கள். பார்த்த மாத்திரத்திலே சுரைக் குடுக்கை நினைவுக்கு வரும். சமையலுக்கென ஒருவன் முதன்முதலாகப் பானை செய்வானாயின் முரட்டுப் பானையன்றோ செய்வான்? இவையோ விருந்தினர்முன் வைக்கத்தக்கவை. ஜோன் கிளார்க், மைக்கல் பிளேக் என்னும் அறிஞர் இருவர் இதனைக் கொண்டே, ஊர்ப் பெரியவர்கள் பானம் வழங்கித் தம் மதிப்பை உயர்த்திக்கொள்ள விரும்பியதே இப்பாண்டங்களுக்குக் காரணம் என்றனர். இக்கருத்து எமக்கு ஏற்புடையதாகவே தோன்றுகிறது.

பானம் யாது? பாசோ தெ லா அமாதா என்னும் ஊரிற் கிடைத்த பார்ரா ஓடொன்றில் உறைந்திருந்த எச்சத்தைச் சோதித்தபோது, கொக்கோவுக்குரிய தியோபுரோமின் என்னும் இரசாயனப் பொருள் அதிலிருந்தது. இச்செய்தி 2007 இல் வெளியாயிற்று. மாயர் நாட்டிலேயே, பெலீஸின் கொல்ஹாவில் எடுத்த மூக்குடைய கெண்டிகள் சிலவற்றிலும் அப்பொருள் காணப்பட்டது. அவற்றுட் பழையவை கி. மு. 600 ஐ அடுத்தவை.

செய்முறையைப் பற்றியும் ஒரு சொல். பண்டை மாயர் குயவனின் திரிகையை அறியார். மண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கிக் கையாலேயே வனைந்தனர். மெக்சிக்கோவின் அமதெனாங்கோ என்னும் மாயர் ஊரிலே பெண்கள் இன்றும் திரிகையின்றி வனைந்து, சூளையின்றி வெட்டவெளியில் விறகடுக்கிச் சுடுகின்றனர்.

கி. மு. 600 க்குப் பின் மாயர் தாழ்நிலமெங்கும் 'மாமொம்' எனப்படும் பாண்டவகை பரவிற்று. மெழுகு தடவினாற்போன்ற சிவந்த மேனி உடையது அது. தண்ணீர்க் குடமும் சமையற் பானையும் வீட்டுக்கு வீடு புழங்கின. எனினும் பாண்டத்தின் பழைய விருந்துத் தொழில் மறைந்துவிடவில்லை. குவாத்தமாலாவின் ரியோ அசூலில், கி. பி. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லறையொன்றில் 1984 ஆம் ஆண்டிற் கலயமொன்றைக் கண்டெடுத்தனர். திருகி மூடும் மூடியும் பிடியும் உடையது அது. மேலே எழுதியிருந்த குறிகளை டேவிட் ஸ்ருவர்ட் 'ககாவ்' என வாசித்தார். அது கொக்கோவுக்கு மாயர் வழங்கிய பெயர். உள்ளே ஒட்டியிருந்த வண்டலை இரசாயன அறிஞர் சோதித்தபோது, அதுவும் கொக்கோவாகவே இருந்தது.